இளையருக்கும் ஒரு தமிழ் அலமாரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தேர்வுக்காலத்தில் எந்தப் பொது நூலகத்துக்குப் போனாலும் மேசை முழுக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்தான். சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, பயிற்சித்தாள்களைப் பரப்பிக்கொண்டு, மூடும் நேரம்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் நூலகத்தின் பக்கமே வருவதில்லை என்று சொல்பவர்கள் செப்டம்பர் மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். ஆனால் வருகிறவர்களில் எழுந்துபோய் ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் வெகு சிலர். தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னும் அரிது. இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். தொடக்கப்பள்ளியில் இருந்தபோது கை நிறையத் தமிழ்ப் படக்கதைகளை அள்ளிக்கொண்டு வருவாள். போன பள்ளி விடுமுறையில், நாங்கள் வழக்கமாகப் போகும் நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குக் கூட்டிப்போனேன். ஒரு பக்கம் சிறுவர் அலமாரி. யானையும் முயலும், பெரிய எழுத்து, பக்கத்துக்கு நாலு வரி. “இதெல்லாம் பாப்பா புக்கும்மா” என்றாள். சரி என்று பெரியவர்கள் பகுதிக்குப் போனோம். தடித்தடியாகச் சரித்திர நாவல்கள், குடும்ப நாவல்கள், ஆன்மிகம், சமையல். ஒரு நாவலை எடுத்துப் பின்னட்டையைப் படித்தாள். கல்யாணமாகிப் பல வருடமான ஒரு பெண்ணின் மனக்குறை பற்றிய கதை. மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டாள். நட்பு, பொறாமை, தேர்வு பயம், அப்பா அம்மா மீது வரும் கோபம் என்று பதினான்கு வயதில் மனத்துக்குள் ஓடுவதைப் பேசும் புத்தகம் அந்த இரண்டு அலமாரிகளிலும் எங்கள் கண்ணில் படவில்லை. ஆங்கிலப் பகுதியில் அந்த வயதுக்கென்றே தனி வரிசை இருந்தது. அங்கே மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டாள்.

இளையரைப் பற்றி நம் நூலகங்கள் யோசிக்காமல் இல்லை. 2004லேயே ஜூரோங் வட்டார நூலகத்தில் பதின்ம வயதினருக்கென்று ஒரு தளத்தையே ஒதுக்கினார்கள். தமிழுக்கும் செய்திருக்கிறார்கள். 2005ல் தொடங்கிய ‘வாசிப்போம் சிங்கப்பூர்’ இயக்கத்தில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015ல், 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350ஐத் தொண்டூழியர்களின் துணையோடு மின்மயமாக்கினார்கள். பெரிய காரியம் அது. இளையருக்கு இடம், தமிழுக்குப் புத்தகம் என்று இரண்டையும் தனித்தனியாகச் செய்த தேசிய நூலக வாரியம், இப்போது அவற்றை ஒன்றுசேர்த்து இளையருக்கென்று ஒரு தமிழ் அலமாரி வைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலில், அந்த அலமாரியைப் பிள்ளைகள் படிக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கணக்குப் போட்டுக் களைத்துப்போகும்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு மெல்லிய தமிழ்ப் புத்தகம் இருந்தால் எடுத்துப் புரட்டுவார்கள். வேறு மாடியில் இருந்தால் போகமாட்டார்கள், கைப்பேசியைத்தான் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் சில பதிப்பகங்கள் இளையோருக்கென்று நல்ல புத்தகங்கள் கொண்டுவருகின்றன. சித்திரக் கதைகளும் வேண்டும். மின்மயமான அந்த 350 நூல்களுக்குள்ளும் பள்ளிப் பருவத்தைச் சொல்லும் சிறுகதைகளைத் தேடலாம். எழுத்தாளர்களின் சம்மதத்தோடு அவற்றைத் தொகுத்து, கண்ணுக்கு இதமான அச்சில் சிறு நூலாகப் போட்டால், தாத்தா பாட்டி இதே ஊரில் எப்படி வளர்ந்தார்கள் என்பது பேரப்பிள்ளைகளுக்கும் தெரியவரும்.

எந்தப் புத்தகத்தை வாங்குவது என்பதில் பிள்ளைகளுக்கும் ஒரு குரல் இருக்கட்டும். பெரியவர்கள் நாமே தேர்ந்தெடுத்தால் நல்லொழுக்கக் கதைகளாகத்தான் வந்து குவியும்!

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒரு விஷயம். தமிழில் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் போதும், உடனே கட்டுரைப் போட்டி, புதிர்ப்போட்டி, சான்றிதழ் என்று ஏதாவது வந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றாலே மதிப்பெண்தான் ஞாபகம் வருகிறது. ஆங்கிலக் கதையைப் படித்துவிட்டுத் தோழியிடம் மணிக்கணக்கில் பேசும் என் மகள், தமிழ்க் கதை என்றதும் “இதற்கு ஏதாவது எழுதிக்கொடுக்கணுமா?” என்று கேட்கிறாள். நூலகமாவது பிள்ளைகளிடம் எதையும் கேட்காமல் புத்தகத்தைக் கொடுக்கும் இடமாக இருக்கட்டும். கூடிப் பேச ஆசைப்படுபவர்களுக்கு, சத்தம் போட்டுச் சிரித்தாலும் யாரும் முறைக்காத ஒரு மூலையை ஒதுக்குங்கள். சந்திப்புகளை ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் வைத்தால் நல்லது. பள்ளி நாள்களில் இணைப்பாட நடவடிக்கையும் துணைப்பாட வகுப்பும் போக அவர்களுக்கு நேரம் ஏது?

தமிழ் படிக்கும் இளையரே குறைவு, அவர்களுக்கு எதற்குத் தனி அலமாரி என்று சிலர் கேட்கலாம். ஒரு உறுப்பினர் ஒரே நேரத்தில் 16 புத்தகங்களை இரவல் வாங்கி 21 நாள் வைத்துக்கொள்ள முடிகிறது. அந்தப் பதினாறில் ஒன்றிரண்டு தமிழாக இருந்தாலே எனக்கு மகிழ்ச்சிதான். அதற்கு நூறு நல்ல புத்தகங்கள் போதும், பெரிய இடமும் வேண்டாம்.

உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், ஜூரோங், பொங்கோல் என்று நான்கு வட்டார நூலகங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் அடுத்த ஏப்ரல் தமிழ் மொழி விழாவுக்குள் இதைச் செய்து பார்க்குமாறு தேசிய நூலக வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன். புத்தகங்களை அடுக்கிவைக்கவும், பிள்ளைகளைக் கூட்டிவரவும் என்னைப் போன்ற பெற்றோர் தொண்டூழியராக வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உயர்நிலை இரண்டு மாணவியின் தாய்
சிங்கப்பூர்