போட் இன்ஜின் ரிங் மாத்துற மெக்கானிக்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். படகு இன்ஜின பிரிச்சு ஓவர்ஹால் பண்ற உங்க எல்லார்கிட்டயும் ஒரே ஒரு விஷயம் கேக்கத்தான் இத எழுதுறேன். புது பிஸ்டன் ரிங் (பிஸ்டன சுத்தி மாட்டுற, ஒரு இடத்துல வெட்டு விட்ட வளையம்) பாக்கெட்ட கிழிச்சதும் நேரா பிஸ்டன்ல மாட்டிடாதீங்க, ஒவ்வொரு ரிங்கையும் அது ஓடப்போற சிலிண்டருக்குள்ளயே விட்டு கேப், அதாவது ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, எவ்ளோன்னு பாத்துட்டு அப்புறம் மாட்டுங்க. கம்பெனி ரிங்தானே, அளவு சரியாத்தான் இருக்கும்னு சொல்றாங்க, ஆனா உங்க கையில இருக்குற போர் (சிலிண்டரோட உள்துளை) எவ்ளோ தேஞ்சிருக்கு, லேத்துல எவ்ளோ எடுத்தாங்கன்னு ரிங் செஞ்சவனுக்கு எப்படிங்க தெரியும்?

ரோட்ல ஓடுற வண்டிக்கு இறக்கம் வரும், சிக்னல் வரும், இன்ஜினுக்கு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். படகுல த்ராட்டில வச்சா மணிக்கணக்கா அதே லோடுதான். சூட்டுல ரிங் நீளும், ரெண்டு முனையும் முட்டிக்கிச்சுன்னா அதுக்கு மேல போக இடமில்லாம போர அழுத்தி கீறும், ரிங் உடையும், சில சமயம் பிஸ்டன்ல ரிங் பள்ளங்களுக்கு நடுவுல இருக்குற லேண்டையே பேத்துடும். கேப் லேசா அதிகமா இருந்தா கொஞ்சம் கம்ப்ரஷன் போகும் அவ்ளோதான், கம்மியா இருந்தாதான் இன்ஜினே போகும்.

ரிங்க போருக்குள்ள வச்சு, பிஸ்டன தலைகீழா விட்டு தள்ளுங்க, அப்பதான் கோணாம நிக்கும். ஓடுன போர்னா மேல தேஞ்சு அகலமாயிருக்கும், ரிங் இறங்குற கடைசி இடத்துல தேய்மானம் கம்மி, கேப் அங்கதான் ரொம்ப சுருங்கும், ஃபீலர் கேஜ (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) அங்க விட்டு பாருங்க. மேனுவல்ல போட்டிருக்குற அளவுதான் கணக்கு. பொதுவா 100 மில்லிமீட்டர் போருக்கு 0.3லேருந்து 0.4 மில்லிமீட்டர்னு சொல்வாங்க, டர்போ இருந்தா இன்னும் கூட வேணும். பத்தலன்னா அரத்த வெளிப்பக்கத்துலேருந்து உள்பக்கமா மட்டும் இழுங்க, முன்னும் பின்னும் தேச்சா ரிங் முகத்துல, அதாவது போர்ல உரசுற வெளிப்பக்கத்துல, இருக்குற குரோம் பூச்சு பேந்துடும்.

அடுத்தது ரெண்டாவது ரிங். நிறைய இன்ஜின்ல அதோட முகம் சரிவா இருக்கும், ஆயில கீழ வழிக்கறதுக்குன்னே அப்படி செஞ்சிருக்காங்க. தலைகீழா மாட்டினா ஆயில மேல ஏத்தி விட்டுடும், நீலப்புகைதான், அப்புறம் வால்வு சீல்னு சந்தேகப்பட்டு ஹெட்ட கழட்டிக்கிட்டு இருப்பாங்க. புள்ளியோ எழுத்தோ இருக்குற பக்கம் மேல பாக்கணும், வெளிச்சத்துல திருப்பி பாத்தா ஒரு நிமிஷ வேலை.

ஆயில் ரிங்க உள்ளேருந்து வெளிய தள்ளுற எக்ஸ்பாண்டர் ஸ்பிரிங்கோட முனைங்க ஒண்ணோட ஒண்ணு முட்டி நிக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுன்னா (படகுக்கு வெளிய மாட்டுற இன்ஜின்) ரிங் உக்கார்ற குரூவ்ல, அதாவது பள்ளத்துல, சின்ன பின் இருக்கும், ரிங் வாய் (ரெண்டு முனையும் சேர்ற இடம்) அதுல சரியா உக்காரணும், இல்லன்னா சிலிண்டர் சுவத்துல இருக்குற போர்ட் துளையில மாட்டி உடையும். மத்ததுல வாய்ங்கள சுத்தி தள்ளித்தள்ளி வைங்க. கையால முறுக்கி ஏத்தாம, ரிங்க விரிச்சு மாட்டுற ரிங் எக்ஸ்பாண்டர் டூல் எடுங்க. ஹோனிங் பண்ணின (கல்லால உரசி எடுத்த) போர மண்ணெண்ணெய்ல தொடச்சா போதாது, சோப்பு போட்டு சுடுதண்ணில தேச்சு கழுவுங்க, வெள்ளைத்துணி கருக்காம வர்ற வரைக்கும்.

கடைசியா ஒரு வேண்டுகோள், ஒவ்வொரு சிலிண்டர்லயும் எந்த ரிங்குக்கு எவ்ளோ கேப் இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதி பில்லோட சேத்து ஓனர் கையில குடுங்க. கடலுக்குள்ள அந்த இன்ஜின நம்பி போறது அவரும் அவர்கூட வர்றவங்களும்தான்.