விளக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவன்

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு வந்தபோது நீ இங்கே விட்டுச் சென்ற ஆஸ்கார் வைல்டின் ‘தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’ நாவலைப் படித்து முடித்துவிட்டேன். டோரியன் என்ற அழகன் இளமை மாறாமலே இருக்க, அவனுடைய மூப்பும் பாவமும் அவனை வரைந்த ஓவியத்தில் ஏறிக்கொண்டே போகும் கதை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக்கு நான்கைந்து பக்கமாகப் படித்ததில் இரண்டு மாதம் ஆயிற்று.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: “முன்னுரையில் ஒன்று சொல்லிவிட்டு முடிவில் ஏன் தண்டிக்கிறார்?” நியாயமான கேள்வி. ஒழுக்கமான புத்தகம், ஒழுக்கங்கெட்ட புத்தகம் என்று எதுவும் கிடையாது, நன்றாக எழுதியது, மோசமாக எழுதியது என்றுதான் உண்டு என்று அடித்துச் சொன்னவர் அவர். ஆனால் 1890 ஜூலை மாத இதழ் ஒன்றில் கதை முதலில் வெளியானபோது அந்த முன்னுரை இல்லை. நச்சுக் கதை என்று லண்டன் பத்திரிகைகள் ஏசிய பிறகு, 1891இல் நூலாக வந்தபோதுதான் சேர்த்தார். அந்தச் சண்டையின் நடுவே ஒரு செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தில், கதையில் நீதி இருக்கத்தான் செய்கிறது, புத்தகத்தில் உள்ள ஒரே குறை அதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே உன் குற்றச்சாட்டை அவர் மறுத்திருக்க மாட்டார்.

ஓவியத்தைக் கத்தியால் குத்தப் போய் டோரியனே செத்து விழும் அந்த முடிவு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னை நிறுத்தி வைத்தவை வேறு இரண்டு இடங்கள்.

முதலாவது, நாடக நடிகை சிபில் வேனுக்கு டோரியன் எழுதும் கடிதம். உண்மையான காதல் வந்ததும் மேடைக் காதல் அவளுக்குப் பொய்யாகிவிடுகிறது. ஜூலியட்டாக நடிக்க முடியாமல் தடுமாறுகிறாள். நடிப்புக்காக மட்டுமே அவளை விரும்பியவன் அழ அழ உதறிவிட்டு வருகிறான். வீட்டுக்கு வந்தால் ஓவியத்தின் வாயோரத்தில் கொடுமையின் கோடு. மறுநாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதுகிறான். எழுதி முடித்தவுடனே, அது அவள் கைக்குப் போய்ச் சேருமுன்பே, மன்னிக்கப்பட்டுவிட்டதாக உணர்கிறான். நம்மை நாமே பழித்துக்கொண்டால், பிறர் பழிக்க உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம் என்கிறார் வைல்ட். சிபில் முந்தைய இரவே நஞ்சருந்தி இறந்துவிட்டாள். செய்தி கேட்ட அன்றிரவே அவன் ஆப்பரா பார்க்கப் போகிறான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது, கிராமத்துப் பெண் ஹெட்டி. ஓவியன் பேசிலைக் கொன்று, பழைய நண்பன் ஒருவனை மிரட்டி உடலை அமிலத்தால் கரைக்க வைத்து, இத்தனைக்கும் பிறகு அவளை மட்டும் கெடுக்காமல் விட்டுவருகிறான். அந்த ஒரு நற்செயலால் ஓவியம் கொஞ்சம் தெளிந்திருக்குமோ என்று விளக்கை எடுத்துக்கொண்டு, தான் சிறுவயதில் பாடம் படித்த மாடி அறைக்கு மெல்லப் படியேறிப் போகிறான். கண்ணில் கள்ளத்தனமும் வாயில் பாசாங்கின் சுளிப்பும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அவளை விட்டுவந்ததும் செருக்கினால்தான் என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது. மகளே, அழகின் மேல் அவனுக்கு இருந்த செருக்கை விட, நல்லவன் என்ற பெயரின் மேல் அவன் வைத்த ஆசை எனக்கு அச்சமூட்டியது. முகச்சுருக்கத்துக்கு அஞ்சுவது இளமையோடு போய்விடும். இது என் வயதிலும் விடாது.

விடவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். “பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்தவர்” என்று உறவினர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். பத்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானே எடுத்துச் சொன்ன சபைகளும் உண்டு. நடந்தது உனக்குத் தெரியும். இரண்டு மாதம் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். உன்னோடு பேசுவதைக்கூட நிறுத்தினேன். அம்மாதான் தன் சங்கிலியை அடகு வைத்து முதல் தவணைப் பணத்தைக் கட்டினாள். பிறகு நான் ரயில் நிலையம் வரை வந்து பெட்டியைத் தூக்கி வைத்தேன். அந்தப் பெட்டியைத் தூக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு, உன் படிப்பு முழுவதையும் என் பெருந்தன்மை ஆக்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

இதை உனக்கு எழுதுவதாலேயே நெஞ்சு லேசாகிறது. அதனால்தான் இதை நான் நம்பவில்லை. டோரியனுக்கும் கடிதம் எழுதி முடித்ததும் அப்படித்தான் லேசானது. நேற்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு, “சங்கிலியை மீட்ட ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. ஆவணியில் உன் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு அதே உறவினர்கள் எல்லோரும் வருவார்கள். பேச்சு வரும், வராமல் இருக்காது. அங்கே சொல்ல வேண்டும். நீயும் வா.

புத்தகத்தைத் தனியாக அனுப்புகிறேன். உன் பென்சில் குறிப்புகளை அழிக்கவில்லை. இருபதாம் அத்தியாயத்தில் ஓர் இடத்தில் மட்டும் நானும் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா