க்ரைம் திரில்லர் இயக்குநர்களுக்கு: அந்த 24 மணி நேரத்தை எடுங்கள்

அன்புள்ள தமிழ் க்ரைம் திரில்லர் இயக்குநர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். கதாநாயகி கதவுப்பிடியில் கை வைத்ததுமே வயலின்கள் அலறத் தொடங்கிவிட்டன. பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னை மடியில் வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், சத்தம் தாங்காமல். கதவுக்குப் பின்னால் இருந்தது ஒரு பூனை.

சரி, பூனையை விடுங்கள். அப்புறம் வந்த விசாரணைதான் என்னை எழுத வைத்தது. பிடிபட்டவனுக்கு இன்ஸ்பெக்டர் நாலு அறை விடுகிறார், அவன் எல்லாவற்றையும் கக்குகிறான், கேஸ் முடிந்தது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது உங்களுக்குத் தெரியாததா? அவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பேச்சு மட்டும்தான் சாட்சியமாக நிற்கும். கைதானவனை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். கெடுவைச் சட்டமே வைத்துக் கொடுத்திருக்கிறது. நீங்களோ டிரம்ஸ் அடிக்கிறீர்கள்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்: கத்தியைப் போட்டதாகக் கைதானவன் காட்டிய கிணறு. உள்ளே ஆள் இறங்கியிருக்கிறார். பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போடக் கூட்டிவந்த டீக்கடைக்காரர் “கடையில ஆள் இல்ல சார்” என்று நெளிகிறார். ஏட்டு வாட்சைப் பார்க்கிறார். தண்ணீருக்கு மேலே வந்தவர் கையில் துருப்பிடித்த வாளி. மறுபடி முங்குகிறார். இதற்கு எந்த வாத்தியம் வேண்டும், சொல்லுங்கள்?

கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) படத்தில், கொலை நடந்த வயலோரம் ஒரு காலடித் தடம் கிடைக்கும். துப்பறிபவர் கத்தக் கத்த, ஒரு டிராக்டர் அதன் மேல் ஏறிப் போகும். ஊர் ஜனம் சந்தையில் நிற்பது போல நிற்கும். சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும். நம்மூரில் 1954லேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்தார். கொலை பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வதை வைத்தே நம்மை நகரவிடாமல் உட்கார வைத்தார்.

அடுத்த கதைக்கு உட்காரும் முன் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரைட்டர் யாரையாவது பாருங்கள். சேஸிங் கதை கேட்காதீர்கள். எந்தக் கேஸில் எந்தக் காகிதம் கிடைக்காமல் ராத்திரி முழுக்க அலைந்தார் என்று கேளுங்கள். முதல் நாள் டிக்கெட் எடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
காதைப் பொத்திக்கொண்டவரின் பக்கத்து சீட்டுக்காரன்