அடுப்பை முதலில் வெளியே தள்ளு

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பாப்பா எல்லோரும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறோம்.

நீ வாட்ஸப்பில் போட்ட பீங்கான் கரி அடுப்புப் படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜப்பான்காரர்கள் சோறாக்கிய மண் அடுப்பிலிருந்து வந்த வடிவம், உங்கள் அட்லாண்டாவிலேயே 1974இல் தொடங்கிய கம்பெனி என்று நீ சொன்னபோதே எனக்குப் பெருமைதான், விறகை மண்ணால் மூடிக் கரியாக்குகிற கரிமூட்டக்காரன் மகன் அமெரிக்கா போயும் கரியை விடவில்லை என்று. ஆனால் அடுப்புக்குப் பின்னால் தெரிவது கார் ஷெட் சுவர்தானே? குளிருக்குப் பயந்து உள்ளே இழுத்து வைத்திருக்கிறாயா? தம்பி, அது மட்டும் வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது, தலை வலிக்கிறதே என்று உட்காருவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். கூரை இல்லாத இடத்துக்குத் தள்ளிவிட்டு அப்புறம் மற்றதைப் படி.

பக்கத்தில் இருந்த பாட்டில் பற்றவைக்கிற எண்ணெய்தானே? தூக்கிப் போடு. பீங்கான் அதை உறிஞ்சிக்கொண்டால் பிறகு கோழியிலும் அந்த நாற்றம்தான். கட்டைக் கரியே வாங்கு, அச்சில் அழுத்திய கரி சாம்பலாகக் கொட்டிக் காற்றை அடைத்துவிடும். பெரிய துண்டு அடியில், சின்னது மேலே, நடுவில் ஒரே இடத்தில் நெருப்பு. கீழ்வாயையும் மூடியையும் திறந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு, மூடியபின் மேலும் கீழும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வா. 120 டிகிரி வேண்டுமென்றால் 100 வரும்போதே குறைக்க ஆரம்பி, ஏனென்றால் ஏறின பீங்கான் லேசில் இறங்காது.

முதலில் திரண்டு வரும் வெள்ளைப் புகையில் கறியை வைக்காதே, கசந்துபோகும். மெலிந்து நீலம் காட்டட்டும். நம் மூட்டத்திலும் புகை நீலமானால்தானே ஓட்டைகளை மண் வைத்து அடைப்போம், சின்ன வயதில் எனக்கு முன்னால் நீ பார்த்துக் கத்துவாய், இத்தனை வருடத்தில் வேலைக்கு வந்த ஒருத்தனுக்கும் அந்தக் கண் இல்லை.

சமைக்கும்போது மூடியை ஒரேயடியாகத் திறக்காதே. இரண்டு விரல் அளவு தூக்கி, காற்று உள்ளே போகவிட்டு, பிறகு முழுதாகத் திற. காற்றுக்கு ஏங்கிக் கிடக்கிற நெருப்பு முகத்துக்குப் பாயும். ஆறாத மூட்டத்தைப் பிரித்து பெரியப்பா பட்டது உனக்கு மறந்திருக்காது. முடிந்ததும் இரண்டு வாயையும் அடைத்துவிடு, தானாக அணையும். தண்ணீர் ஊற்றினால் பீங்கான் விரிசல் விடும். மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும்.

கண்மாய் நிறைந்துவிட்டது, அக்கா வந்து போனாள், மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

படம் வந்தது இங்கே ராத்திரி பத்தரைக்கு. உனக்கு அப்போது பகல் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. முந்தின வாரம் வியாழக்கிழமை வந்ததும் அதே நேரம்தான். லீவு போட்டிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் ஒன்றும் பேசவில்லை. தட்டும் ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனிலும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், பெற்றவர்களிடம் பேச அவ்வளவுதானா இருக்கிறது?

சரி, கார் ஷெட்டில் மட்டும் மூட்டாதே. தனியாக இருக்கும்போது மூட்டவே மூட்டாதே.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். கரி நல்ல விலைக்குப் போயிற்று, சொசைட்டி தவணையைக் கட்டிவிட்டேன். அடுத்த மாதமும் வேண்டாம், நான் கேட்கிறவரை வேண்டாம். போன் பண்ண ஞாயிறு வரட்டும் என்று இருக்காதே, உன் பகல் பன்னிரண்டுக்கே பண்ணு. அம்மா தூங்கியிருப்பாள், நான்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா