இடி இடிக்கும்போது குலை வெட்டச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலையிட விபத்துகளைத் தடுப்பது பற்றி முதலாளிமார் கூடிப் பேசிய செய்திகள் நம் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. தலைக்கவசம், காலணி, கையுறை என்று பேசுகிறார்கள், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அத்தோடு சரி. ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விபத்து நடந்தால் படிவம் நிரப்புவதும், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அனுப்புவதும், வீட்டுக்காரிக்குத் தகவல் சொல்வதும் என் வேலையாகத்தான் இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆபத்து என்று ஒரு தொழிலாளி வேலையை நிறுத்தினால் அவருடைய அன்றைய கூலியில் கை வைக்க மாட்டோம் என்று முதலாளி உறுதி தரவேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் மலேசியச் சட்டம் இப்போது தொழிலாளியின் பக்கம் நன்றாகவே நிற்கிறது. 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1994-இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2022-இல் அது திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுப் பணியாளர், இராணுவம் போன்ற ஒரு சில விதிவிலக்குகள் போக, எல்லா வேலையிடங்களுக்கும் இப்போது அது பொருந்தும். டவுனில் உள்ள டயர் கடைக்கும் ஒட்டுக்கடைக்கும்கூட. கடமை தவறும் முதலாளிக்கு முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இப்போது 500,000 ரிங்கிட். அந்தத் திருத்தத்தில் 26A என்று ஒரு பிரிவு உண்டு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு ஒரு தொழிலாளி நம்பினால், சொல்லியும் முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால், அவர் அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் குலை வெட்டுக்காரருக்குக் கூலி டன் கணக்கில். பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் கறுத்து இடி முழங்க ஆரம்பிக்கிறது. அவர் கையில் இருப்பது அரிவாள் மாட்டிய நீள அலுமினியக் கம்பு. அதைக் கீழே போட்டுவிட்டு லோரிக் கொட்டகைக்கு ஓடினால் யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை, உண்மைதான். ஆனால் வெட்டாத குலைக்குக் கூலி இல்லை. மாதக் கடைசி, ஊருக்குப் பணம் அனுப்பவேண்டும், இன்னும் ஒரு வரிசை மிச்சம் இருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ கடன் வாங்கி வந்தவர் அந்த நேரத்தில் என்ன முடிவெடுப்பார்? இன்னும் நாலு மரம் பார்த்துவிடுவோம் என்றுதான் நினைப்பார். பிரிவு 26A அவருக்குக் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

இதைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. இடி, பெருமழை, அறுந்து தொங்கும் மின்கம்பி, பிரேக் பிடிக்காத டிராக்டர் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளட்டும். அதில் உள்ள காரணத்துக்காக வேலை நின்றால், அந்த ஆளின் போன மாதச் சராசரியை எடுத்து, நின்ற நேரத்துக்குக் கூலி கொடுக்கட்டும். கணக்குப் போடும் கிராணிக்குக் கூடுதலாக ஒரு பத்தி, அவ்வளவுதான். வேலையை நிறுத்தும் அதிகாரம் ஆள்களை மேய்க்கும் மண்டோருக்கும் (மேற்பார்வையாளர்) இருக்கவேண்டும். அவரோ அன்றைய டன்னை எட்டாவிட்டால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்குகிறவர். அவர் வாயிலிருந்து நிறுத்து என்ற சொல் எப்படி வரும்?

பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். குலை வெட்டும்போது ஆள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். மட்டையிலிருந்து தூசியும் பூச்சியும் உதிரிப் பழமும் நேராகக் கண்ணில் விழும். சரி என்று பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். நம் வெக்கையில் பத்து நிமிடத்தில் அது ஆவி படிந்து மங்கிவிடும். மேலே 20 கிலோவுக்கு மேல் கனக்கும் குலை, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் யார் கீழே நிற்பார்கள்? கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் கண்ணில் அடிபட்டால், விசாரணைப் படிவத்தில் 'தொழிலாளி கண்ணாடி அணியவில்லை' என்று எழுதப்படுகிறது. கம்பி வலை வைத்த கண்ணாடி கடைகளில் கிடைக்கிறது, அதில் ஆவி படியாது. வாங்குவதற்கு முன்னால் நாலு வெட்டுக்காரரிடம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

மருந்தடிக்கும் பெண்களிடமும் இதேதான். "கிராணியம்மா, இந்தக் கையுறை ஆம்பளைக் கைக்குத் தச்சது, பம்ப்பு கைப்பிடியே பிடிபடல" என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. விரல் நுனியில் ஒரு அங்குலம் காலியாகத் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு குழாய் நுனியில் அடைப்பெடுக்க முடியாது. கழற்றித்தான் ஆகவேண்டும், அடைப்பில் நிற்கும் மருந்து வெறும் விரலில்தான் படும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது பெரிய ஆறுதல். ஒரு கொடிய மருந்தை அடியோடு எடுத்துவிட்டால் அதற்கான கையுறைச் சண்டையே இல்லை. அப்படி எடுக்க முடியாத இடத்தில்தான் கவசம் உதவிக்கு வரவேண்டும்.

மின்கம்பி ஓடும் வரிசையிலும் அப்படித்தான். 'கவனம்' என்று பலகை நட்டுவிட்டால் அலுமினியக் கம்பு கம்பியைத் தொடாது என்று அர்த்தமில்லை. அந்த வரிசையில் உயர்ந்துவிட்ட மரங்களுக்குப் பெயின்ட் அடித்து அடையாளம் வைத்து, அங்கே குலை வெட்டையே நிறுத்தவேண்டும். நாலு மரத்தின் குலை போனால் போகட்டும்.

ஆலைகளின் வாசலில் 'விபத்தில்லா நாள்கள்' என்று ஒரு பலகை தொங்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் சங்கடப்படும். நான்கு நாள்களுக்கு மேல் வேலைக்கு வர முடியாத அளவுக்கு ஒருவர் அடிபட்டால், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. பலகையில் எண் பூச்சியமாகிவிடுமே என்று, காலில் கட்டோடு இருப்பவரை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டோரில் உட்கார வைத்த கதை எனக்குத் தெரியும். ஒரு விபத்தை மறைத்தால் அதன் காரணமும் சேர்ந்து மறைந்துபோகிறது. அடுத்த மாதம் அதே வழுக்குப் படியில் இன்னொருவர் விழுவார். நிர்வாகம் எண்ணவேண்டியது நூலிழையில் தப்பிய சம்பவங்களை. மட்டை தோளை உரசிக்கொண்டு போனது, டிராக்டர் சரிவில் ஒரு சக்கரம் தூக்கியது, இவற்றை வந்து சொல்பவருக்கு ஒரு நன்றியாவது சொல்லவேண்டும். இப்போது கிடைப்பது 'உனக்குக் கவனம் போதாது' என்ற ஏச்சு. அதனால்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

எண்ணெய் ஆலைத் தொட்டிகள், கழிவுக் குழிகள் விஷயத்தில் இந்தப் பேசாமை உயிரையே வாங்கிவிடும். கழிவு புளித்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரைத் தூக்க மூன்றாமவர். ஒருவர் இறக்கவேண்டிய இடத்தில் மூவர் போவது இப்படித்தான். அடைபட்ட இடத்தில் இறங்கும் முன்பு தகுதி பெற்றவர் வாயுவைச் சோதிக்கவேண்டும், அனுமதிச் சீட்டு எழுதவேண்டும், மேலே ஒருவர் நிற்கவேண்டும் என்றெல்லாம் நடைமுறை விதிகள் இருக்கின்றன. ஆனால் சனிக்கிழமை மாலை, தொட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் ஏதோ அடைத்திருக்கிறது, ஐந்து நிமிட வேலைதான் என்று சொல்லும்போது விதி எல்லாருக்கும் மறந்துவிடுகிறது. வாயுமானி கைக்கு வராமல் மூடியைத் திறக்கக் கூடாது என்று நிர்வாகி தானே முன்னின்று சொல்லவேண்டும். அவர் ஒருநாள் விட்டுக்கொடுத்தால் மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிடும்.

'அது காண்ட்ராக்ட் ஆளுங்க' என்ற பதிலையும் அடிக்கடி கேட்டிருக்கிறேன். திருத்தப்பட்ட சட்டத்தில் வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும் பொறுப்பு உண்டு. அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்பில் வந்துவிட்டார்கள். பாதுகாப்பு விளக்கத்தை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வதற்கு மட்டும் இன்னும் நிறைய இடங்களில் ஏற்பாடில்லை. நேப்பாளியிடம் மலாயில் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, கோப்பில் வைப்பதால் யாருக்கு என்ன பயன்? அவர் ஊர்க்காரர் ஒருவரே முன்னின்று செய்து காட்டினால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

சாலையும் ஒரு வேலையிடம்தான். 2025 மே மாதம் தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி விழாவில் காவல் பணி முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கல் ஏற்றி வந்த லோரியோடு அவர்கள் வாகனம் மோதி மாண்டார்கள். நம் கோயில் விழாவுக்காக நின்றவர்கள். இந்த வட்டாரத்தில் அந்தச் செய்தி கேட்டு அழாத வீடு இல்லை. லோரியின் ஸ்டீயரிங் கோளாறும் அளவுக்கு மீறிய பாரமும் விசாரணையில் பேசப்பட்டன. குலை லோரி, கல் லோரி, மணல் லோரி எதுவானாலும், 'வண்டி சரியில்லை, எடுக்க மாட்டேன்' என்று டிரைவர் சொல்லும் நாளில் அவருக்கு டிரிப் கணக்கில் நஷ்டம் வரக்கூடாது. குலை வெட்டுக்காரருக்கு நான் கேட்ட அதே உறுதியைத்தான் இவருக்கும் கேட்கிறேன்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்குபவர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்று இப்போது சட்டம் சொல்கிறது. 40 பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும். அந்தக் குழுவில் வெளிக்காட்டு வேலையாள்கள் சார்பில் வரும் பெயர் யாருடையது என்று பாருங்கள். பல இடங்களில் அது மண்டோராகத்தான் இருக்கும். வெட்டுக்காரர் ஒருவரும் மருந்தடிக்கும் பெண் ஒருவரும் அதில் இடம்பெறவேண்டும், கூட்டத்துக்கு வரும் நேரத்துக்கும் கூலி தரவேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் அழுத்திக் கேட்கவேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு தோட்டத்திலோ ஆலையிலோ விபத்துச் செய்தி வந்தால், இறந்தவரின் பெயர், வயதோடு விட்டுவிடாமல், அந்த வேலைக்கு இடர் மதிப்பீடு எழுதப்பட்டிருந்ததா, அதை எழுதியவர்கள் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டார்களா, விபத்துக்கு முன்னால் யாராவது எச்சரித்தார்களா என்ற மூன்று கேள்விகளையும் உங்கள் நிருபர் நிர்வாகத்திடம் கேட்கட்டும். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.