டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே சொல்

அன்புள்ள கயல்,

நீ போனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. சனிக்கிழமை ராத்திரி நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு இரண்டு பெக் குடிக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, கான்டாக்ட் லென்ஸ் போட முடியவில்லை. அவருக்கு ஒன்றுமே இல்லை. இதை நீ என்னிடம் மறைக்காமல் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, பெற்ற பெண்ணுக்குச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

அவரும் நானும் ஒரே அளவுதானே குடிக்கிறோம் என்று கேட்டாய். கிளாசில்தான் ஒரே அளவு. உடம்புக்குள் போனதும் அது வேறாகிவிடும். மது நம் உடம்பில் இருக்கிற தண்ணீரில்தான் கலக்கிறது. ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். பெண்ணுக்கு அது 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், கொழுப்பு கூடுதல். மதுவை வயிற்றிலேயே கொஞ்சம் உடைத்துவிடும் நொதி ஒன்று உண்டு. அதுவும் பெண்களுக்குக் குறைவு. 30 மில்லி பெக் ஒன்றில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வெறும் வயிற்றில் இரண்டு பெக் குடித்தால், 75 கிலோ ஆணின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 40 மில்லிகிராம் அளவில் வரும். உன் 55 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தேன், 65ஐத் தொடுகிறது. தோராயக் கணக்குதான். ஆனால் வண்டி ஓட்டுவதற்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. இரண்டு பேருமே அதைத் தாண்டிவிடுகிறீர்கள், நீ இரண்டு மடங்குக்கு மேல்.

அந்த நேரத்தில் கண்ணுக்கு என்ன ஆகிறது தெரியுமா? எதிரே வரும் லாரியின் லைட்டுக்குக் கண் பாப்பா உடனே சுருங்க வேண்டும். அது மெதுவாகிவிடும். இரண்டு கண்ணையும் ஒரே இடத்தில் நிறுத்துகிற தசைகள் தளர்ந்துபோகும், அதனால்தான் சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரிகிறது. இருட்டில் கறுப்பு உடுப்பில் ரோட்டைக் கடக்கிறவரைப் பிரித்துப் பார்க்கும் திறனும் மங்கும். ஆனால் கண் பரிசோதிக்கிற எழுத்துப் போர்டில் கடைசி வரி வரைக்கும் நன்றாகப் படித்துவிடலாம். அதனால்தான் எனக்கு எல்லாம் தெரிகிறது என்று தைரியமாகச் சாவியை எடுக்கிறார்கள். டாக்சி பிடித்து வீட்டுக்கு வாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, உன் உறுத்தலுக்கு வருகிறேன். குடித்தால் சிறுநீர் அதிகம் போய் உடம்பு வறண்டுவிடும். குடித்த மது கண்ணீரிலும் வருகிறது. அப்போது கருவிழியின் மேல் இருக்கிற கண்ணீர்ப் படலம் நிலைக்காமல் சீக்கிரம் உடைந்துபோகும். கண் வறட்சி பொதுவாகவே பெண்களுக்குத்தான் கூடுதல். நெதர்லாந்தில் பல்லாயிரம் பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், குடிக்கிற பெண்களிடம் கண் வறட்சி அதிகமாகத் தெரிந்தது, ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. நீ பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால், ஏசியில், லென்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் எப்படிக் கண் தாங்கும்? குடித்த அசதியில் லென்ஸோடு தூங்கிவிடாதே கயல். அப்படித் தூங்கி, கிருமி பிடித்து, கருவிழியில் புண்ணோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் உன் வயசு. புண் ஆறும், வெள்ளைத் தழும்பு நின்றுவிடும், அது பாப்பாவுக்கு நேராக விழுந்தால் பார்வை போனதுதான்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்கிறாயே, எனக்கு அவரைப் பற்றித்தான் வேறு ஒரு பயம். அவர் சிகரெட்டும் பிடிக்கிறார். குடிக்கிற அன்றைக்குச் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். எங்களிடம் ஒரு டெய்லர் வந்தார். கண்ணாடி வேண்டும், ஊசி கோக்க முடியவில்லை என்றார். என்ன லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பாதி போர்டுக்குக் கீழே அவரால் படிக்க முடியவில்லை. நிறம் தெரிகிறதா என்று பார்க்கிற புள்ளிப் புத்தகத்தைக் காட்டினேன், சிவப்பு எண்களைக் கண்டுபிடிக்கத் திணறினார். அப்புறம்தான் அவராகவே சொன்னார், சிவப்பு நூலையும் பழுப்பு நூலையும் மாற்றிப் போட்டுத் தைத்துவிடுகிறேன் என்று. தினமும் சாராயம், பீடி, ராத்திரிச் சோறு கிடையாது.

இது பார்வை நரம்பில் வருகிற நோய். தொடர்ந்து குடிக்கிறவர்களுக்கு பி1, பி12, ஃபோலிக் அமிலம் போன்ற சத்துகள் குடலில் சரியாக ஏறாது. சாப்பாடும் குறைந்துபோகும். விழித்திரையின் நடுப்பகுதியிலிருந்து கிளம்பும் மெல்லிய நரம்பு இழைகள்தான் முதலில் அடிபடும். அதனால் நடுப்பார்வை மங்குகிறது, சிவப்பு வெளிறுகிறது, எதிரில் நிற்பவர் முகம் தெளிவில்லாமல் போகிறது. ஓரப்பார்வை இருப்பதால் ஆள் தடுமாறாமல் நடந்து வந்துவிடுவார். வலி கிடையாது, கண் சிவக்காது, இரண்டு கண்ணிலும் மெதுவாக வரும். ஆரம்பத்தில் டாக்டர் லைட் அடித்துப் பார்த்தால் நரம்பு நன்றாகவே தெரியும். குடியை விட்டு, சத்து ஊசி போட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டால் பலருக்குத் திரும்புகிறது. அந்த டெய்லருக்கும் ஓரளவு திரும்பியது. நரம்பு வெளுத்துப் போன பிறகு வந்தால் எதுவும் செய்ய முடியாது. வாரத்தில் ஒருநாள் இரண்டு பெக்கில் இது வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு இப்போதெல்லாம் வியாழக்கிழமையும் சேர்ந்துவிட்டது என்றாயே, அதனால் சொல்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரி வாழ்க்கையில் என்னை மிகவும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. கண் மங்குகிறது என்று ஓர் ஆண் வந்தால், குடிப்பீர்களா, பீடி உண்டா என்று எல்லோரும் கேட்டுவிடுவார்கள். பெண் வந்தால் சர்க்கரை கேட்பார்கள், பிரஷர் கேட்பார்கள், இதை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாள் என்ற கூச்சம். அவளும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வாள்? அப்படி ஒரு பெண், செங்கல் சூளையில் வேலை, உடம்பு வலிக்காகக் கணவனோடு குடிக்கப் பழகியவள், நரம்புக்கு ஸ்கேன் வரைக்கும் அலைந்தாள். ஒரு நர்ஸ் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் நரம்பு வெளுத்திருந்தது. அவள் மகனுடைய முகம் அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. பெண் குடிப்பது சரியா தப்பா என்று ஊரே பேசும். அவள் கண்ணைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

நீங்கள் வியட்நாம், லாவோஸ் போகப் போவதாகச் சொன்னாய். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் செத்துப்போனார்கள். அதில் 19 வயசுப் பெண்களும் இருந்தார்கள். அதே வருஷம் ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அங்கேயும் பெண்கள் உண்டு. மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலம் பார்வை நரம்பின் உயிர்ச்சக்தியை நிறுத்துகிறது. 10 மில்லியே நிரந்தரமாகக் குருடாக்கிவிடலாம். குடித்தவுடன் தெரியாது. பல சமயம் அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, கண் முன்னால் வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி மங்கல் எல்லாம் வரும். போதை தெளியவில்லை என்று படுத்துவிடாதீர்கள், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இலவசமாக ஊற்றித் தருகிற ஷாட், சீல் இல்லாத பாட்டில் எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. குழந்தை வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்கிற அன்றைக்கே நீ முழுசாக நிறுத்திவிடு. கர்ப்பத்தில் அம்மா குடிக்கும் மது குழந்தையின் பார்வை நரம்பு சரியாக வளராமல் செய்துவிடலாம், மாறுகண்ணும் வரலாம். இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் சில வாரம் ஓடிவிடும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். இந்த மாதமே இரண்டு பேரும் கண் டாக்டரைப் பாருங்கள். உனக்குக் கண்ணீர்ச் சோதனை, மாப்பிள்ளைக்குக் கலர் பார்வையும் பி12 ரத்தப் பரிசோதனையும். அவரிடம் கேட்பார்கள். உன்னிடம் கேட்காவிட்டால் நீயே சொல், வாரத்துக்கு இத்தனை பெக் என்று கூச்சப்படாமல், குறைக்காமல் சொல். பாப்பா விரியச் சொட்டு மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், அதனால் ஆட்டோவில் போங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போ. சீட்டில் டாக்டர் எழுதியதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா