புகைப்படச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், பொருளாளர் மற்றும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸ்அப்பில் போகும். திறந்து பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினத்தன்று பள்ளி மாணவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினோம். டிசம்பர் கண்காட்சி மழையால் தள்ளிப்போனது, பிறகு நடக்கவில்லை.

இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது ஜனவரியில் போன தூத்துக்குடி கடற்கரை நடைதான். மூணாறுக்குப் போய் மூடுபனியை எடுக்கும் நமக்கு, 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய சொந்த ஊர்க் கடற்கரை கண்ணில் படுவதில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பனிமய மாதா திருவிழாவை ஒட்டி வைக்கலாம் என்றார்கள் சிலர். ஆகஸ்ட் 5 திருவிழா நெரிசலில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அந்த மாதங்களில் தோணிகளும் ஓடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதனால்தான் ஜனவரி. இதில் என் பிடிவாதம் எதுவும் இல்லை.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் விடியற்காலையில் நிற்க வேண்டும் என்பது முன்பே சொன்னதுதான். சூரியன் கடலிலிருந்து எழும் ஊரில் எட்டு மணிக்கு வந்து 'வெளிச்சம் கடுமையாக இருக்கிறதே' என்றால் நான் என்ன செய்ய முடியும்? வந்தவர்களுக்கு நாட்டுப்படகுகள் கிடைத்தன, வலை பின்னும் கைகள் கிடைத்தன, மீன் ஏலம் கிடைத்தது. ஏலத்தின் நடுவே நின்று லென்ஸ் மாற்றிய உறுப்பினருக்கு அங்கேயே நாலு வார்த்தையும் கிடைத்தது.

பழைய துறைமுகத்துக்குள் போய், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளை எடுக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தோம். பதில் இன்னும் வரவில்லை. வெளியே நின்று பாய்மரங்களை மட்டும் எடுத்தோம். பனிமய மாதா பேராலயத்தில் வெள்ளை முகப்பில் பலருக்கு எக்ஸ்போஷர் கூடி, படம் வெளுத்துப்போனது. அப்புறம் கிரேட் காட்டன் சாலைக் கடைகள். மக்ரூன் போடும் இடத்தில் அடித்த வெள்ளைக்கரு, சீனி, முந்திரி சேர்ந்த மாவைக் கூம்புத் தாளில் நிரப்பி, ஒவ்வொன்றாகப் பிழிந்து வைக்கும் வேகத்தை இந்த ஆண்டின் சிறந்த படம் என்று தேர்வுக்குழு சொன்னது. எடுத்தவர் சந்தா கட்டியவர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி, பலரும் முணுமுணுக்கும் பிரிண்ட் செலவு. திரேஸ்புரத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர், "எல்லாரும் வந்து எடுத்துட்டுப் போறிய, ஒருத்தராவது கொண்டாந்து குடுத்திருக்கியளா?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்கள் யாரிடமும் வாய் இல்லை. ஆகவே படத்தில் இருந்த அத்தனை பேருக்கும் எட்டுக்குப் பத்து அளவில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தோம். செயற்குழுவைக் கேட்கவில்லை என்கிறார்கள். செயற்குழுவை மூன்று முறை கூட்டினேன், கூட்டம் நடத்தத் தேவையான ஆள் சேரவில்லை. அந்தப் படங்கள் இன்று மீன் தட்டுகளுக்கு மேலும் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலும் தொங்குகின்றன. நம் கண்காட்சிகளை இத்தனை பேர் பார்த்ததில்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் படிக்கவில்லை. புது லென்ஸ் வாங்கிய செய்தியைக் குழுவில் போட்டவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், விடியலில் வந்த அந்தச் சிலருக்கும் நன்றி.

அடுத்து உப்பளம். மழைக்காலம் முடிந்து உப்பு வாரத் தொடங்கிய பிறகு, வெயில் ஏறுமுன் போக வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் பிரிண்ட் கொடுக்காமல் படம் எடுப்பதில்லை என்று இப்போதே தீர்மானம் போட்டுவிடலாம். செலவு எவ்வளவு ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். செயலாளராக நான் தொடர்வதா என்பதைச் சபை முடிவு செய்யட்டும். என் வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். இளைஞர் யாராவது முன்வந்தால் நோட்டுப் புத்தகத்தையும் பீரோ சாவியையும் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால், சந்தா ஜூன் 30க்குள் வந்து சேர்ந்தால்தான் உப்பளம். ஜிபே எண் மாறவில்லை.